முழங்கால் பக்கத்தில் எலும்புப் புற்று: காலை எடுத்தே ஆக வேண்டுமா?

அக்கா மகனுக்கு 13 வயது, தொடை எலும்பின் கீழ் முனையில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று என்று, ஊசியால் துண்டு எடுத்துப் பார்த்த பயாப்சியில் வந்திருக்கிறது, ஒரு டாக்டர் காலை எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் கீமோ கொடுத்துவிட்டு எலும்பை மட்டும் எடுத்து உள்ளே உலோகம் வைக்கலாம் என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பது அதுதான். ஆனால் கேட்க வந்தது வேறு என்று தோன்றுகிறது: காலைக் காப்பாற்றப் போய்ப் பையனைப் பறிகொடுத்துவிடுவோமோ? தாய்மாமனுக்கு இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடைசி வரியில், வீட்டுப் பெரியவர் ஒருவர் ‘கத்தி பட்டால் பரவும்’ என்று தடுக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அவரை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் தப்பு, ஆனால் அதற்குள் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

எலும்புக் கட்டிகளுக்கு அறுவை செய்வதுதான் இருபது வருஷத்துக்கு மேலாக என் வேலை. பையனின் படங்களை நான் பார்க்கவில்லை. அதனால் அவன் காலை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அப்படிச் சொல்கிற யாரையும் நம்ப வேண்டாம். அந்த முடிவை எப்படி எடுப்பார்கள், எதில் எங்களுக்கே சந்தேகம் இல்லை, எதில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சந்தேகம் இல்லாததிலிருந்து தொடங்குவோம். கட்டியைச் சுற்றி நல்ல ஓரம் விட்டு எடுக்க முடியும் என்றால், காலை எடுத்தவர்களும் காலை வைத்துக்கொண்டவர்களும் பிழைப்பதில் வித்தியாசம் கிடையாது. உங்கள் பையனுக்கு வந்திருக்கும் அதே இடம், தொடை எலும்பின் கீழ் முனை. அங்கே ஆஸ்டியோசார்கோமா வந்த 227 பேரைப் பற்றி அமெரிக்காவில் 1986இல் ஓர் ஆய்வு வெளியானது. 73 பேருக்குக் காலை வைத்தே அறுவை. 115 பேருக்குத் தொடையில் வெட்டி எடுத்தார்கள். 39 பேருக்கு இடுப்பு மூட்டோடு எடுத்தார்கள். அதே இடத்தில் கட்டி மறுபடி வந்தது முதல் வகையில் 8 பேருக்கு, இரண்டாவதில் 9 பேருக்கு, மூன்றாவதில் ஒருவருக்கும் இல்லை. அப்படியானால் மூன்றாவது வகையினர்தானே அதிகம் பிழைத்திருக்க வேண்டும்? இல்லை. மூன்று பிரிவிலும் உயிர் பிழைத்த கணக்கு ஒன்றுதான்.

ஏன் என்றால், இந்த நோய் ஆளைக் கொல்வது காலில் இருந்துகொண்டு அல்ல, நுரையீரலுக்குப் போய். 1970க்கு முன்னால் கீமோ கிடையாது. கட்டி என்று தெரிந்த வாரமே காலை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தும் ஐந்து பேரில் நாலு பேர் தங்கவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் நுரையீரலில் தெரிந்துவிடும். அறுவை நடந்த அன்றே படத்தில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் அங்கே போய் உட்கார்ந்திருந்தன என்று அர்த்தம். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன். 1977இல் இதே நோய்க்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள், கீமோவும் கொடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். ஓட்டம் பாதியில் நின்றதற்குக் கால் காரணம் இல்லை. நுரையீரலில் வந்துவிட்டது. 1981 ஜூனில் இறந்தபோது வயது 22. உயரமாக வெட்டுவதால் அந்த வாசல் அடைபடுவதில்லை. அதை அடைக்கிற வேலை மருந்தினுடையது.

இப்போது, நோய் காலை விட்டு வெளியே தெரியாத நிலையில் வந்து, மருந்தையும் அறுவையையும் முழுதாக முடிக்கிறவர்களில் நூற்றுக்கு அறுபது எழுபது பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். ஏற்கெனவே நுரையீரலில் தெரிந்தால் அது இருபது, முப்பது என்று இறங்கிவிடும். அப்போதும் கதை முடிந்தது என்று இல்லை. அந்த முடிச்சுகளையும் அறுவையில் எடுத்து, பிறகு நன்றாக இருப்பவர்கள் உண்டு. பையனுக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால், காலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை எடுக்க வேண்டும். எக்ஸ்ரே போதாது.

‘உடனே ஆபரேஷன் செய்யாமல் எதற்கு இரண்டரை மாதம் கீமோ? அதற்குள் முற்றிவிடாதா?’ என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1970களில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், காலை எடுக்காமல் உள்ளே உலோக எலும்பு வைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்கள். அந்த உலோகத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்துத் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மருந்தைக் கொடுத்து வைத்தார்கள். உலோகத்துக்காகக் காத்திருந்த இடைவெளியில் பிறந்த பழக்கம்தான் இன்று உலகம் முழுக்க நடைமுறை. முன்னால் கொடுப்பதில் இரண்டு லாபம். நுரையீரலில் ஒளிந்திருப்பதை முதல் நாளிலிருந்தே அடிக்கலாம். அப்புறம், எடுத்த எலும்பை அறுத்துப் பார்த்து, மருந்துக்கு எவ்வளவு செத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மருந்து ஓடும்போது பல வீடுகளில் மனம் உடையும் ஓர் இடம் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். மூன்று தவணை முடிந்தும் வீக்கம் அப்படியே இருக்கிறதே என்பார்கள். இது எலும்பு உண்டாக்குகிற கட்டி. உள்ளே செல்கள் செத்தாலும் அவை கட்டிவைத்த சுவர் கரையாது. அதனால் அளவு குறையாமல் இருப்பதை வைத்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலி குறைந்திருக்கிறதா, ராத்திரி தூங்குகிறானா என்று பாருங்கள். படத்தில் ஓரம் கெட்டிப்பட்டு, கோடு இழுத்த மாதிரி தெளிவாக வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

இனி அந்தப் பெரியவர் சொன்னது. பயாப்சி எடுப்பதால் நோய் நுரையீரலுக்குப் பாயாது. அதை நிம்மதியாக அவரிடம் சொல்லலாம். ஆனால் ஊசி போன வழி நெடுக நோய் செல்கள் சிந்தியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்கிறோம். பெரிய அறுவையில் அந்தத் தழும்பு, அதன் கீழே உள்ள தசை, வழி முழுவதையும் கட்டியோடு ஒட்டினாற்போல் சேர்த்து எடுத்துவிடுவோம். அதனால் ஊசி எந்த இடத்தில் நுழைந்தது என்பது பெரிய விஷயம். பின்னால் கத்தி போகப்போகிற கோட்டின் மேலேயே நுழைந்திருந்தால் கவலை இல்லை. நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற பக்கமாகவோ, தொடையின் குறுக்கே நீளமாக அறுத்தோ எடுத்திருந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய கால் அங்கேயே போய்விடலாம். ஹென்றி மான்கின் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1982இலும் 1996இலும் இதைக் கணக்கெடுத்தார். இரண்டாவது தடவை 597 நோயாளிகள். அதில் 18 பேருக்கு, பயாப்சி தப்பாக எடுத்த ஒரே காரணத்தால், தேவையில்லாமல் கையோ காலோ போயிருந்தது. கட்டி சிகிச்சை நடக்கும் இடத்தில் எடுக்காமல், நோயாளியை அங்கே அனுப்பிவைத்த இடத்திலேயே எடுத்தவர்களுக்குத்தான் கோளாறு பல மடங்கு அதிகம். அமெரிக்காவிலேயே, பதினாலு வருஷம் கழித்தும், நிலைமை மாறவில்லை என்று அவர் நொந்துகொண்டார்.

நானே பார்த்தது ஒன்று. பதினாறு வயதுப் பெண், விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஒரு மருத்துவமனையில் சாதாரண முறிவு என்று இடுப்பிலிருந்து முழங்கால் வரை ராடு அடித்து அனுப்பிவிட்டார்கள். முறிந்த இடத்தில் எலும்பு பூச்சி அரித்த மாதிரி இருந்தது அந்த முதல் எக்ஸ்ரேயிலேயே தெரிகிறது. யாரும் நின்று பார்க்கவில்லை. மஜ்ஜைக் குழாய் முழுக்க அந்த ராடு கட்டியை இழுத்துக்கொண்டு போயிருந்தது. என்னிடம் வந்தபோது முழங்காலுக்கு மேலே என்று பேசவே இடமில்லை. இடுப்பு மூட்டோடு எடுத்தேன். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், படிக்க வரும் பிள்ளைகளுக்குக் காட்ட. விழுந்ததற்குப் பொருத்தமில்லாமல் எலும்பு முறிந்தால், முறிவதற்கு முன்னாலேயே வலி இருந்தது என்று பிள்ளை சொன்னால், ராடைத் தொடுவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும்.

எண்ணெய்க் கட்டும் உருவிவிடுவதும் இதே கதைதான். வளரும் பிள்ளைக்கு முழங்கால் பக்கம் வீக்கம் என்றால் சுளுக்கு என்று நினைப்பது இயல்பு. பாதிப் பேர் எண்ணெய்க் கட்டுப் போடும் வைத்தியரிடம் போய்விட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். நான் யாரையும் திட்டுவதில்லை. இனிமேல் மட்டும் அந்த இடத்தை யாரும் அமுக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

சரி, அறுவைக்கு வருவோம். இதைக் கட்டியை ‘சுரண்டி எடுப்பது’ என்று பலர் நினைக்கிறார்கள். பலாப்பழத்தை உதாரணமாகச் சொல்வேன். பழத்தைப் பிளந்து சுளை சுளையாக எடுப்பது ஒரு வகை. பால் கையெல்லாம் ஒட்டும். பழத்தைக் கீறாமல், முள்தோலோடு, சுற்றிக் கொஞ்சம் இலையும் கிளையும் சேர்த்து அப்படியே மரத்திலிருந்து இறக்குவது இன்னொரு வகை. நாங்கள் செய்ய வேண்டியது இரண்டாவது. நாலைந்து மணி நேரம் நடக்கும் அறுவையில் நான் கட்டியைப் பார்க்கவே கூடாது. பார்த்தேன் என்றால் தோற்றேன் என்று அர்த்தம். சுற்றி ஒரு சுற்று நல்ல தசை போர்த்தியிருக்க, அதற்கு வெளியேதான் கத்தி ஓட வேண்டும்.

எவ்வளவு எலும்பு போகும் என்பது முன்னாலேயே எம்.ஆர்.ஐ.யில் அளந்தாகிவிடும். மூட்டுக் கோட்டிலிருந்து மஜ்ஜைக்குள் கட்டி எதுவரை ஏறியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் எடுத்து, அதற்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விடுவோம். இதற்காகத்தான் முழங்காலை மட்டும் படம் எடுத்தால் போதாது, இடுப்பு வரை தொடை எலும்பு முழுதும் வேண்டும் என்று கேட்போம். சில சமயம் நடுவில் நல்ல எலும்பு விட்டு, மேலே தனியாக ஒரு துளி உட்கார்ந்திருக்கும். அறுவை அறையில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து மறுபடி அளந்து, குறி போட்டு, ரம்பத்தை வைப்பதற்கு முன் உதவியாளரை ஒரு தடவை சத்தமாக எண்ணைச் சொல்லச் சொல்வேன். வெட்டிய முனையிலிருந்து மஜ்ஜையைக் கொஞ்சம் வழித்து உடனே நோயியல் டாக்டருக்கு அனுப்புவோம். அங்கிருந்து ‘சுத்தம்’ என்று போன் வந்த பிறகுதான் அடுத்த வேலை.

உண்மையில் கஷ்டம் எலும்பில் இல்லை. முழங்காலுக்குப் பின்னால், பெருவிரல் பருமன்கூட இல்லாத ரத்தக்குழாயில் இருக்கிறது. கட்டி பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் அந்தக் குழாய் சாய்ந்து ஓடும். முதலில் அதைத்தான் அங்குலம் அங்குலமாகப் பிரித்து எடுப்போம். அது பிரிந்து வந்துவிட்டால் அறையில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். எலும்பு வெளியே போனபின் தொடைக்குள் ஒரு சாண் வெற்றிடம். கீழ்க்காலை ஒருவர் கையில் தாங்கியபடி நிற்பார். அந்த நிமிஷத்தில் காலையும் உடம்பையும் சேர்த்து வைத்திருப்பது கொஞ்சம் தசை, அந்தக் குழாய், ஒரு நரம்பு. முதல் தடவை பார்க்கிற மாணவர்களில் சிலர் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆக, இரண்டு டாக்டர்களுக்கு நடுவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு, மேலே மூடுகிற தசையும் தோலும் என்ற நான்கில் எது எது கட்டியோடு போகும்? எலும்பு மட்டும் போகிறது என்றால் காலை எடுக்கச் சொல்வதற்கு இன்றைக்கு நியாயம் இல்லை. குழாயும் போகிறது என்றால் மற்றக் காலிலிருந்து சிரை எடுத்து ஒட்டலாம். செய்கிறோம், ஆனால் ரிஸ்க் கூடும். மூன்று போகிறது என்றால், மிஞ்சுகிற கால் பெயருக்குத்தான் கால். அப்போது எடுத்துவிடுவதுதான் பையனுக்குச் செய்யும் நல்லது. எடுக்கச் சொன்ன டாக்டர் இதைப் பார்த்துச் சொன்னாரா, இல்லை அவர் இடத்தில் அந்த அறுவை வசதி இல்லாததால் சொன்னாரா என்பது படத்தை வைத்துக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது காரணமாக இருந்தாலும் கோபப்படாதீர்கள். தன்னால் முடியாததை முடியும் என்று சொல்லாத மனிதர்.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது? பெரும்பாலும் உலோக மூட்டுதான். தொடை எலும்பின் கீழ்ப் பாதியும் கீல் போட்ட முழங்காலும் சேர்ந்த ஒன்று. வெளிநாட்டுச் சாமானுக்கு நம் மக்களால் பணம் கட்ட முடியாத காலத்தில், சென்னையில் மயில்வாகனன் நடராஜன் உள்ளூரிலேயே அளவெடுத்துச் செய்யவைத்து அரசு மருத்துவமனை நோயாளிகளுக்குப் பொருத்திக் காட்டினார். 2007இல் பத்மஸ்ரீ பெற்றவர். இன்றைக்கு இந்தியச் செய்முறை மூட்டுகள் பல உண்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் அறுவைக்கு வழி இருக்கிறது. பணம் இல்லை என்பதற்காகக் காலை எடுக்க ஒப்புக்கொள்ளும் முன், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தத் திட்டத்தின் கவுண்ட்டரில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

பையனுக்கு 13 என்பதால் இன்னொரு சிக்கல். தொடை எலும்பு வளர்வது பெரும்பாலும் கீழ் முனையில்தான், வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எலும்பு நீள்கிற இடமான அந்த வளர்ச்சித் தட்டு கட்டியோடு போய்விடும். உள்ளே காந்த விசையால் நீளும் மூட்டுகள் இருக்கின்றன. காலை ஒரு வளையத்துக்குள் வைத்தால், கத்தி இல்லாமல் சில மில்லிமீட்டர் நீளும். கேட்க மாயம் மாதிரி இருக்கும், விலையும் அப்படித்தான். ஏழு எட்டு வயதுக் குழந்தைக்கு அது உயிர்நாடி. உங்கள் பையனுக்கு? ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 16 வரை வளர்ச்சி என்று கொண்டால், மீதம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். ஆரம்பத்திலேயே உலோகத்தைக் கொஞ்சம் நீளமாக வைத்து, சரியான வயதில் மற்றக் காலின் வளர்ச்சித் தட்டைச் சின்ன அறுவையால் நிறுத்தினால் கணக்கு நேராகிவிடும். செருப்பில் ஒரு சென்டிமீட்டர் அடுக்கினால் வெளியே தெரியாது. வீட்டை விற்று விலையுயர்ந்த மூட்டு வாங்க வேண்டிய வயது இது இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாத டாக்டர்களும் உண்டு.

உலோகம் இல்லாத வழிகளும் இருக்கின்றன. எடுத்த எலும்பையே சுத்தம் செய்து, ஒரே தடவையில் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சுக் கொடுத்தோ, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருபது நிமிஷம் முக்கியோ, உள்ளிருக்கும் செல்களைக் கொன்று, அதே இடத்தில் திரும்ப வைத்துத் தகடு போடுவது ஒன்று. அளவு கச்சிதமாகப் பொருந்தும், செலவும் குறைவு. மூட்டைத் தொடாத கட்டிகளுக்கு எனக்குப் பிடித்த வழி. மூட்டு முனையே போகிறபோது எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. செத்த எலும்பின் முனை சில வருஷத்தில் நொறுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கேட்டவுடன் எல்லோரும் முகம் சுளிப்பது. முழங்காலைக் கட்டியோடு எடுத்துவிட்டு, கீழ்க்காலை 180 டிகிரி திருப்பித் தொடையோடு சேர்ப்பது. பாதம் பின்னோக்கி நிற்கும். கணுக்கால் முழங்காலின் இடத்துக்கு வரும். அதன் மேல் செயற்கைக் கால் மாட்டினால், சொந்த மூட்டின் பலத்தோடு ஓடலாம், குதிக்கலாம். 1927இலேயே ஜெர்மனியில் காசநோய் வந்த முழங்காலுக்குச் செய்தார்கள். 1970களில் வியன்னாவில் புற்றுக் கட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு இதைச் செய்தேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பையன் இப்போது கல்லூரி வாலிபால் அணியில் இருக்கிறான். உலோக மூட்டு வைத்த என் எந்தப் பிள்ளையையும் நான் வாலிபால் ஆட விட்டதில்லை. ஆனாலும் நம் ஊரில் பத்துக் குடும்பத்திடம் சொன்னால் ஒன்பது மறுத்துவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உலோகம் வைத்தபின் வாழ்க்கை எப்படி என்பதை டாக்டர்கள் கொஞ்சம் இனிப்பாகவே சொல்வோம். கசப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். நடப்பான், சைக்கிள் மிதிப்பான், வேலைக்குப் போவான். சம்மணம் போட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது; குந்தி உட்காரும் கழிப்பறை கூடாது. ஓட்டமும் குதியும் இல்லை. பத்துப் பேரில் ஒருவருக்காவது உலோகத்தில் சீழ் பிடிக்கும். கீமோவால் எதிர்ப்புச் சக்தி இறங்கிய உடம்பு வேறு. முரண்டு பிடிக்கிற சீழால், காப்பாற்றிய காலைப் பிற்பாடு எடுக்க நேர்ந்ததும் உண்டு. கீலுக்குள் இருக்கும் புஷ் தேயும், எலும்பில் பதிந்த தண்டு ஆடும். ஆயுளுக்கு ஒரே அறுவை என்று யாராவது சொன்னால் அது நிஜமில்லை. காலை எடுத்தவனுக்கு அறுவை அநேகமாக அத்தோடு முடியும். வளர வளரச் செயற்கைக் காலின் சாக்கெட்டை மாற்ற வேண்டும், நடக்க மூச்சு அதிகம் செலவாகும், கண்ணாடி முன் நிற்பதும் எளிதில்லை. வருஷங்கள் கழித்து இரு தரப்பையும் உட்காரவைத்து வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்ட ஆய்வுகளில், நாம் எதிர்பார்க்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. என் ஓ.பி.யிலும் அப்படித்தான். காலை எடுத்த ஒருவர் டூ வீலர் மெக்கானிக்காகக் கடை வைத்திருக்கிறார். உலோகக் காலோடு ஒருவர் ஆறாவது அறுவைக்கு வந்து நிற்கிறார். மாற்றிச் சொல்லவும் என்னிடம் ஆட்கள் உண்டு.

இனி சந்தேகமானவை. எடுத்த கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி, அது உறுதி. குறைவாகச் செத்திருந்தால் மருந்தைக் கூட்டலாமா? ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2016இல் வந்தது: இரண்டு மருந்து கூடுதலாகக் கொடுத்ததில் லாபம் இல்லை, பக்கவிளைவுதான் மிச்சம். ஆகவே ‘சரியாகச் சாகவில்லை, ஸ்ட்ராங்காகக் கொடுக்கிறோம்’ என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். எந்த மருந்துக் கூட்டு என்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை அதிக அளவு கொடுக்க ரத்தத்தில் மருந்தின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த வசதியைப் பொறுத்துச் சில இந்திய மையங்கள் அது இல்லாத முறையை வைத்திருக்கின்றன. அதற்காகப் பதற வேண்டாம். கட்டி இருக்கும் இடத்தில் எலும்பு முறிந்துவிட்டால் முன்பெல்லாம் காலை எடுத்தே ஆக வேண்டும் என்போம். இப்போது, முறிவு கீமோவில் கூடிவந்தால், காலை வைத்துக்கொள்வதும் உண்டு. இதில் எல்லோரும் ஒரே பேச்சாக இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எலும்பில் கட்டி என்றாலே இந்தக் கதை இல்லை. இருபது முப்பது வயதில் மூட்டருகே வரும் ஜயன்ட் செல் கட்டி புற்று அல்ல. பெரும்பாலும் நன்றாகச் சுரண்டி, சிமென்ட் நிரப்பி மூட்டைக் காப்பாற்றலாம், திரும்ப வருகிற குணம் மட்டும் அதற்கு உண்டு. நடுவயதில் வரும் காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றுக்கு வழக்கமான கீமோ பலிக்காது, கத்தியே மருந்து. ஐம்பது அறுபது தாண்டியவர்களுக்கு எலும்பில் வருவது முக்கால்வாசி வேறு உறுப்பிலிருந்து வந்த புற்று. அங்கே நாங்கள் பார்ப்பது வலி இல்லாமல் நடப்பதை. இன்னொருவரின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

அடுத்த டாக்டரைப் பார்க்கப் போகும்போது வெறும் ரிப்போர்ட் காகிதம் எடுத்துப் போகாதீர்கள். முழுத் தொடைக்கும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள டிஸ்க், முதல் எக்ஸ்ரே, நெஞ்சு சி.டி. ஸ்கேன், பயாப்சியின் கண்ணாடி ஸ்லைடுகள், கூடவே அந்தத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக். பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் இன்னொரு நோயியல் டாக்டர் புதிதாகச் சீவிப் பார்க்க முடியும். ஊசி போட்ட தழும்பைப் பேனாவால் வட்டமிட்டு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தில் மங்கிவிடும். அறுவை செய்யப்போகிறவரிடம், வருஷத்துக்கு இது மாதிரி எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதற்கெல்லாம் நாலைந்து நாள் ஆகும். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மெடிக்கல் கடையில் பையன் உயரத்துக்குச் சரியாக ஒரு ஜோடி ஊன்றுகோல் (கிரட்ச்) வாங்கிக் கொடுங்கள். அந்தக் காலை ஊன்றக் கூடாது. கீமோவில் வலி குறைந்ததும் ‘நல்லா இருக்கேன் மாமா’ என்று தூக்கிப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறப் பார்ப்பான். எலும்பு முறிகிற சமயம் அதுதான். மாடியில் படுக்கிறவன் என்றால் படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.